இரவல் டெக்

மே மாதத்தில் ஒன்பது நாள் விடாமல் மழை பெய்தால் கல்லறைத் தோட்டத்துப் புல் முழங்காலைத் தொடும் என்று ஆல்வீராவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முப்பத்தொரு வருஷமாக அந்தப் புல்லை வெட்டுகிறவன் அவள் புருஷன். பத்தாம் நாள், செவ்வாய்க்கிழமை, வெயில் எட்டிப் பார்த்தது. க்ளீட்டஸ் காலை ஆறு மணிக்கே தொப்பியை மாட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போய்ப் பழைய சிவப்பு டிராக்டரைக் கிளப்பினான். அடியிலிருந்த புல்வெட்டுக் கத்தியை ஓடவிட்டான். அடுப்படியில் முட்டை பொரித்துக்கொண்டிருந்த ஆல்வீராவுக்குத் தகர வாளியைக் கல்லில் போட்டு அடித்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை.

முட்டையைத் திருப்புகிற கரண்டியைக் கையில் பிடித்தபடியே ஓடினாள். அவன் வண்டி மேலேயே உட்கார்ந்திருந்தான்.

"அடி கிடி பட்டுச்சா?"

"டெக்கு," என்றான் க்ளீட்டஸ். "போச்சு."

டிராக்டரின் வயிற்றுக்கடியில் கவிழ்த்த சட்டி மாதிரித் தொங்குமே இரும்புத் தட்டு, மூன்று கத்திகளும் அதற்குள்ளேதான் சுற்றும், அதுதான் டெக். துரு தின்றுதின்று அது அப்பளமாகிக் கிடந்திருக்கிறது. நடுக்கத்தி தன் அச்சோடு பிய்த்துக்கொண்டு பத்தடி தள்ளிப் போய் விழுந்திருந்தது.

போன நவம்பரில் பக்கவாதம் வந்ததிலிருந்து க்ளீட்டஸுக்குப் பேச்சு ஒவ்வொரு சொல்லாகத்தான் வரும். இடது கை இருக்கிறது, வேலைக்கு வராது. பனிக்காலம் முழுக்க ரோட்டைப் பார்த்த ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்தே கழித்தான். கைப்பயிற்சிக்கு வந்த பெண் கொடுத்த ரப்பர் பந்தை மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடிவிட்டான். மார்ச் கடைசியில் ஒருநாள் டிராக்டரில் ஏறி அதைக் கிளப்பின பிறகுதான் முழுசாக ஒரு வாக்கியம் பேசினான். "எண்ணெய் மாத்தணும் இதுக்கு," என்றான். ஆல்வீரா அன்றைக்குக் கொட்டகைக்குப் பின்னால் போய் நின்று அழுதாள்.

ஒற்றைக் கைக்காரனை வைத்துக் கல்லறைப் புல்லை வெட்டுவதா என்று பங்குக் குழுவில் அப்போதே முணுமுணுப்பு. ஃபாதர் கைசர் வீட்டுக்கு வந்து, ருபார்ப் தண்டு வைத்துச் சுட்ட பை பலகாரம் இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு, மெதுவாகச் சொன்னார்: "நினைவு நாள் வரைக்கும் நீயே பாரு, க்ளீட்டஸ். அதுக்கப்புறம் யோசிப்போம்." மே மாதக் கடைசித் திங்கள்தான் நினைவு நாள். தூரத்து டேட்டன், ஃபோர்ட் வேன் நகரங்களிலிருந்துகூடப் பிள்ளைகுட்டிகளோடு வந்து, காபி டப்பாவில் பியோனிப் பூ வைத்து, பக்கத்துக் கல்லறையில் புல் எப்படி இருக்கிறதென்று கடைக்கண்ணால் பார்த்துவிட்டுப் போவார்கள். அதற்குள் நாலு ஏக்கரும் வெட்டி முடிக்காவிட்டால் க்ளீட்டஸின் வேலை போய்விடும், அவன் திரும்ப அந்த நாற்காலிக்குப் போய்விடுவான். ஆல்வீராவுக்கு அது உள்ளங்கை ரேகை மாதிரித் தெரிந்திருந்தது.

பழைய இரும்புக் கடை நார்ப் உதட்டைப் பிதுக்கினான்.

"அந்த வண்டிக்கு டெக்கா? இந்த ஜில்லாவுலயே கெடையாது. உன் கொழுந்தன் லைனஸ்கிட்ட ஒண்ணு சும்மாக் கெடக்கே, கேளேன். அது ரெண்டு வருஷம் பிந்தின வண்டியோடது. இருந்தா என்ன? அதுவும் செவப்பு, இதுவும் செவப்பு. ரெண்டு போல்ட்டு, ஒரு பின்னு. அப்படியே போய் உக்காந்துக்கும்."

'அப்படியே போய் உக்காந்துக்கும்' என்று சொல்லாத ஆம்பளை எங்கள் பக்கத்தில் கிடையாது. அப்படியே போய் உட்கார்ந்த சாமானும் கிடையாது. லாரிக் கதவு, தண்ணீர் மோட்டார், இரண்டாந்தாரமாக வந்தவள் என்று எதைப் பற்றிக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். பொருத்துகிறவன்தான் முட்டியைப் பெயர்த்துக்கொள்ள வேண்டும்.

லைனஸ் க்ளீட்டஸின் தம்பி, இரண்டு மைலில் இருக்கிறான். பங்குக் குழுவில் ஓர் ஆள். நின்ற இடத்திலேயே சுற்றித் திரும்புகிற புது வண்டி வாங்கிவிட்டதால் அவனுடைய பழைய டிராக்டர் எஞ்சின் பிரித்துப்போட்டபடி கொட்டகையில் கிடந்தது. பக்கத்துச் சுவரில் சாய்த்து வைத்திருந்த டெக்கில் துரு பொட்டுக்கூட இல்லை.

"எடுத்துட்டுப் போ, எடுத்துட்டுப் போ," என்றான் லைனஸ், அவர்கள் வாய் திறக்கும் முன்பே. "இதுக்குப் போய் கேக்கணுமா என்னை? டிரக்கப் பின்னால எடு, ஆல்வீரா, நான் தூக்கி வெக்கிறேன்."

"இது சேருமா?" என்று கேட்டாள் ஆல்வீரா.

"சேராம? ஒரே கம்பெனிதானே." தூக்கி வைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டான். "ஒண்ணே ஒண்ணு. வெட்டாதீங்க, வெல்டு வெக்காதீங்க. எஞ்சின மாட்டி, பெயின்ட் அடிச்சு, செப்டம்பர்ல லேபர் டே ஊர்வலத்துல ஓட்டலாம்னு இருக்கேன். கம்பெனியிலேர்ந்து வந்தது வந்தபடியே இருக்கணும். இரவல்தான், ஞாபகம் வெச்சுக்க."

"வெட்ட மாட்டேன்," என்றான் க்ளீட்டஸ். அண்ணன் தம்பிக்குக் கொடுத்த வாக்கு.

ஒட்டவில்லை. ஒட்டவே இல்லை.

புதன்கிழமை காலையிலிருந்து ஆல்வீராதான் க்ளீட்டஸின் இடது கை. அறுபத்துமூன்று வயதில் அட்டையை விரித்து வண்டிக்கடியில் மல்லாந்து படுத்தாள். அவன் ஸ்டூலில் உட்கார்ந்து டார்ச் அடித்தான். டெக்கைத் தாங்கிப் பிடிக்க அதன் முதுகில் இரண்டு இரும்புக் காதுகள் உண்டு. டிராக்டரின் தூக்குக்கம்பி அந்தக் காதுகளில்தான் மாட்ட வேண்டும்.

"காது பின்னால தள்ளி இருக்கு," என்றாள் கீழேயிருந்து. "கம்பி எட்டல. ஆறங்குலம் எடைவெளி."

"தள்ளு."

"எங்க தள்ள? முன்னால தள்ளினா அச்சுல இடிக்குது."

"இன்னும்."

"இன்னும்னா நான் என்ன லாரியா? நீயே வந்து பாரு. வேணாம், குனியாத, குனியாத! சொல்றத நம்பு. இந்தக் காதை அறுத்து ஆறங்குலம் முன்னால வெச்சா முடிஞ்சுது. இரும்பு அறுக்கற கிரைண்டர எடுத்தா பத்து நிமிஷ வேல."

"இரவல்."

"தெரியும் தெரியும். உன் தம்பி ஊர்வலம் போணுமில்ல."

பெல்ட் அடுத்த தலைவலி. பெல்ட் சுற்றுகிற டெக்கின் புல்லிச் சக்கரம் ஒரு விரற்கடை கீழே இருந்தது. பெல்ட்டை மாட்டிச் சுற்றினால் மூன்றாம் சுற்றில் கழன்று விழுந்தது. காபி டப்பாவிலிருந்து வாஷர் வாஷராக எடுத்துக் கொடுத்தான் க்ளீட்டஸ். பதினோரு வாஷர் அடுக்கிய பிறகு பெல்ட் நின்றது. நடுப்பகலில் புயல் எச்சரிக்கைச் சங்கைச் சோதனைக்கு ஊதினார்கள். பிறகு அவள் கறுப்புக் கையோடேயே, மசித்த உருளைக்கிழங்கின் மேல் கோழி நூடுல்ஸ் ஊற்றி இரண்டு தட்டு கொண்டுவந்தாள். கொட்டகையிலேயே சாப்பிட்டார்கள். க்ளீட்டஸ் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டான். அதைப் பார்த்து அவளுக்கு முதுகு வலி பாதி போனது.

வியாழன் மத்தியானம் வழி கிடைத்தது. பால்மாடு வைத்திருந்த காலத்துச் சங்கிலி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை நாலு துண்டாக்கி டெக்கை வண்டியின் சட்டத்தோடு சேர்த்துக் கட்டினார்கள். இடப்பக்கம் அரை அங்குலம் தாழ்ந்துதான் நின்றது. ஆனாலும் நின்றது. கையால் சுழற்றினால் கத்திகள் மூன்றும் சுற்றின.

"பாரு! நார்ப் சொன்னாப்ல அப்படியே உக்காந்துக்கிச்சு. ரெண்டே நாளு, பதினோரு வாஷரு, ஒரு மாட்டுச் சங்கிலி."

க்ளீட்டஸ் சிரிக்கவில்லை. வண்டியில் ஏறி வலது கைப்பக்கம் இருந்த தூக்கு லீவரை இழுத்தான். லீவர் சுலபமாக வந்தது. டெக் அசையவில்லை. மறுபடி இழுத்தான்.

"தூக்கல."

"தூக்காது. சங்கிலில கட்டியிருக்கு. ஒரே உயரந்தான். கல்லறத் தோட்டம் என்ன மலையா? தட்டையாத்தானே கெடக்கு."

"தூக்கணும்."

"எதுக்கு?"

அவன் இறங்கி, துணியை எடுத்து விரல் விரலாகத் துடைத்தான். அவள் இன்னும் வண்டிக்கடியிலேயே படுத்திருந்ததால் அவன் பூட்ஸ் மட்டும்தான் தெரிந்தது.

"வேலியோரம்," என்றான். "தேவதாரு மரத்துலேர்ந்து... மூணாவது கம்பம்."

அவள் கையிலிருந்த ஸ்பானர் அப்படியே நின்றது.

ஐம்பத்தேழாம் வருஷம் பிப்ரவரியில் அவர்களுக்குத் தலைச்சன் பிள்ளை செத்தே பிறந்தது. ஞானஸ்நானம் வாங்காத பிள்ளைக்கு மந்திரித்த நிலத்தில் இடமில்லை என்றார் அப்போதிருந்த பங்குச் சாமியார். வேலிக்கும் கல்லறைகளுக்கும் நடுவே வெறுமனே கிடந்த பட்டைதான் அந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு. கல் வைக்கக் கூடாது, பெயர் எழுதக் கூடாது. ஆல்வீரா ஆஸ்பத்திரியில் ஜுரத்தோடு கிடந்தாள். க்ளீட்டஸ் தனி ஆளாகப் பெட்டியைக் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்தான். எங்கே என்று அவள் கேட்கவில்லை, அவன் சொல்லவில்லை. பத்து வருஷம் கழித்துப் புல் வெட்ட ஆள் தேடினபோது இவன் முந்திக்கொண்டு கை தூக்கினதும் அவளுக்கு ஞாபகம் வந்தது.

"அங்க வயலட்டுப் பூச்செடி இருக்கு," என்றான் க்ளீட்டஸ். "தானா வந்தது. நான் அங்க போறப்ப... தூக்குவேன். தாண்டினதும் எறக்குவேன்."

"முப்பத்தொரு வருஷமாவா?"

"வாரம் ஒருக்கா."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே நீ."

"நீ கேக்கல."

அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரந்தான் வந்தது. ஒவ்வொரு நினைவு நாளிலும் வேலி முழுவதற்கும் பொதுவாக ஒரு சிலுவை போட்டுவிட்டு வந்தவள் அவள். எந்த இடம் என்று தெரியாமல் நாற்பத்தொரு வருஷம் இருநூறடி வேலியைப் பார்த்து நின்றிருக்கிறாள். இந்த மனுஷன் வாராவாரம் போய் லீவரைத் தூக்கிக் கும்பிட்டுவிட்டு வந்திருக்கிறான். ஸ்பானரை அவன் பூட்ஸ் மேல் எறியலாமா என்றிருந்தது. எறியவில்லை. சங்கிலிக் கொக்கியை இன்னொரு திருகு திருகினாள்.

"நாளைக்கு நான் அந்த எடத்துல வந்து நிக்கிறேன்," என்றாள். "நீ என்னைச் சுத்திக்கிட்டுப் போ."

"சரி."

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு ஆரம்பித்தான். புல் ஈரமாக இருந்தது. வண்டி திணறித் திணறி இழுத்தது. மூன்று வரிசைக்கு ஒருதரம் நிறுத்தி, டெக்குக்குள் அப்பியிருந்த புல்லை அவள் குச்சியால் நோண்டி எடுத்தாள். இடப்பக்கம் தாழ்ந்திருந்ததால் வெட்டு கொஞ்சம் படி படியாக விழுந்தது. அதைக் கண்டுபிடிக்கக் குனிந்து பார்க்க வேண்டும். கற்களைச் சுற்றி அவள் கத்தரியால் வெட்டிக்கொண்டே பின்னால் வந்தாள். கல் வரிசையில் பெயர்கள்: ஹைட்கேம்ப், ப்ரூன்ஸ், க்ரேமர், மறுபடி ஹைட்கேம்ப். மாமியார் கல்லைச் சுற்றி வெட்டும்போது, "உங்களுக்கும் நான்தான் குனியணும்," என்று வழக்கம்போலச் சொல்லிக்கொண்டாள். பத்து மணிக்கு மேல் க்ளீட்டஸ் வாய்க்குள் ஏதோ பாட ஆரம்பித்தான். வார்த்தை இல்லை, ராகம் மட்டும். நவம்பருக்கு அப்புறம் அவள் அதைக் கேட்கவே இல்லை. பன்றித்தொடை சாண்ட்விச்சை டிராக்டரில் இருந்தபடியே தின்றான்.

இரண்டு மணிக்கு வேலியோரப் பட்டை மட்டும்தான் பாக்கி. அவள் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தபோது வாசலில் ஒரு டிரக் வந்து நின்றது. கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவன் இறங்கினான். சட்டையில் 'ட்ராய்' என்று தைத்திருந்தது. கையில் அளக்கிற சக்கரம்.

"மேடம், இங்க ஆபீஸ் மாதிரி எதுவும் இருக்கா?"

"செத்தவங்களுக்கு என்ன ஆபீஸு? யாரு நீ?"

"புல்லு வெட்டற கம்பெனி. செவ்வாய்க்கெழமையிலேர்ந்து இது எங்க வேலை. ஒருதரம் அளந்துட்டுப் போலாம்னு வந்தேன்." வண்டியில் போகிறவனைப் பார்த்தான். "அவரு யாரு? நல்லாத்தான் வெட்டறாரு."

"எந்தச் செவ்வாய்க்கெழம?"

"இதோ வர்ற செவ்வாதான். காயிதம் இருக்கு, பாருங்க."

மூக்குக் கண்ணாடி இல்லாமல் காகிதத்தைத் தள்ளிப் பிடித்துப் படித்தாள். பதின்மூன்றாம் தேதி. போன வாரப் புதன். டெக் உடைவதற்கு ஆறு நாள் முன்னால். கீழே பங்குக் குழுவின் ஐந்து கையெழுத்து. மூன்றாவது, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் கோணல் எழுத்தில், லைனஸ் ஹைட்கேம்ப்.

"களைக்கும் நாங்களே மருந்தடிச்சிருவோம்," என்றான் ட்ராய், அவளுக்குச் சந்தோஷமான சேதி சொல்கிற மாதிரி. "வருஷத்துக்கு ரெண்டு தரம். எலை அகலமா இருக்கறது எதுவும் நிக்காது. வேலி வரைக்கும் சுத்தமா புல்லு மட்டும்தான்."

வேலி என்றதும்தான் அவளுக்கு உறைத்தது. திரும்பினாள்.

க்ளீட்டஸ் தேவதாரு மரத்தைத் தாண்டிவிட்டிருந்தான். கண் அவளைத் தேடவில்லை. முதல் கம்பம், இரண்டாவது கம்பம். மூன்றாவதை நெருங்கும்போது அவன் வலது கை தானாகப் போய் லீவரைப் பிடித்து முழுசாக மேலே இழுத்தது. முப்பத்தொரு வருஷப் பழக்கம். சங்கிலி, டெக், நேற்றுப் பேசினது எதுவும் அந்தக் கைக்குத் தெரியாது. லீவர் வந்தது. டெக் வரவில்லை. தாழ்ந்திருந்த இடப்பக்கம்தான் அந்த இடத்தின் மேல் ஏறியது. கத்தி மண்ணைக் கடிக்கிற சத்தம் வாசல் வரை கேட்டது.

அவள் ஓடிப் போவதற்குள் அவன் எஞ்சினை நிறுத்திவிட்டான். ஒரு தலையணை அளவுக்கு மண் கறுப்பாக வெளியே தெரிந்தது. இலைகள் கூழாகி டெக்கின் ஓரத்தில் ஒட்டியிருந்தன.

"நீ நிக்கல," என்றான் க்ளீட்டஸ். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவள் திருப்பி ஏதாவது சொல்லியிருப்பாள். "அங்க நீ நிக்கல."

மெதுவாக இறங்கி மண்டி போட்டான். தொப்பியைக் கழற்றி, கிடைத்த வேர்களை மண்ணோடு ஒற்றைக் கையால் அள்ளி அதற்குள் போட்டான். ட்ராய் தூரத்தில் சக்கரத்தை உருட்டி அளந்துகொண்டிருந்தான்.

அன்று சாயங்காலம் லைனஸ் தன் வீட்டுச் சமையலறை மேசையில் கோழி சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தான். ஆல்வீரா கதவைத் தட்டாமல் உள்ளே போனாள்.

"என்ன, வெட்டி முடிச்சாச்சா? டெக்கு எப்படி..."

"பதிமூணாம் தேதி கையெழுத்துப் போட்டிருக்கே."

லைனஸ் மென்றதை முழுங்கினான். "உக்காரு."

"நீ உக்காந்திருக்கியே, அது போதும். பதிமூணாம் தேதி ஆள் வெச்சிட்டு, பத்தொம்பதாம் தேதி எதுக்கு டெக்கு குடுத்த?"

"ஃபாதர் நெனவு நாள் தாண்டினப்புறம் சொல்லிக்கலாம்னாரு. அவன் மனசு ஒடையக் கூடாதுன்னு..."

"டெக்கு எதுக்குக் குடுத்த, லைனஸ்?"

அவன் காகிதத் துண்டில் வாயைத் துடைத்தான். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தான்.

"அது மாட்டாதுன்னு தெரியும்," என்றான். "எழுபத்தொம்பதுலயே அப்பாவோட இதே மாதிரி வண்டில நானும் அவரும் மாட்டிப் பாத்தாச்சு. காது எட்டாது. வெட்டினாத்தான் சேரும். வெட்டாதன்னு சொல்லிட்டா... ஒருநாள் முட்டி மோதிட்டு, சரி என்னால முடியலன்னு அவனே விட்டுருவான்னு நெனச்சேன். நாங்க புடுங்கின மாதிரி இருக்காது. அவனா விட்ட மாதிரி இருக்கும். அவன் நல்லதுக்குத்தான், ஆல்வீரா."

"அவன் நல்லதுக்கு."

"ஒரு கை வராதவன் வண்டில போறான், கவுந்தா யாரு பதில் சொல்றது? நீயா? ஃபாதரா?"

"மொகத்தப் பாத்து, 'அண்ணா, நீ கெழவனாயிட்ட, விடு'ன்னு சொல்ல வாய் வரல உனக்கு. அதுக்கு ரெண்டு நாள் நான் வண்டிக்கடில மல்லாந்து கெடக்கணும்."

"எப்படித்தான் மாட்டுனீங்க?" என்று கேட்டான் லைனஸ். நிஜமாகவே அவனுக்குத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

அவள் அந்த முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் வெளியே வந்துவிட்டாள்.

ஃபாதர் கைசரிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். வேலியோரம் மூன்றாவது கம்பத்துப் பக்கம் மருந்து அடிக்காமல், கத்தி படாமல் விடச் சொல்ல முடியுமா? அவர் அன்றே பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார். நல்ல மனுஷர், கண்கூடக் கலங்கியது. "அங்க யாரும் இருக்கறதா இதுல எழுதலியே, ஆல்வீரா," என்றார். "எழுத்துல இல்லாததக் கம்பெனிக்காரங்ககிட்ட நான் எப்படிச் சொல்ல?"

நினைவு நாளில் ஊரே வந்தது. புல் அழகாக இருக்கிறதென்று நாலு பேர் க்ளீட்டஸின் தோளைத் தட்டினார்கள். லைனஸும் தட்டினான். புது ஆளைப் பற்றி லைனஸ் மூச்சு விடவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஆல்வீராதான் காகிதத்தைப் பற்றிச் சொன்னாள், ஒளிக்காமல், கையெழுத்து உட்பட. க்ளீட்டஸ் தலையை ஆட்டினான். நாற்காலியில் போய் உட்கார்ந்தான்.

பதினோரு நாள் உட்கார்ந்திருந்தான். தொப்பியில் கொண்டுவந்த வேர்களைத் துணி காயப்போடும் கம்பிக்குப் பக்கத்தில் அவளே குழி தோண்டி நட்டிருந்தாள். தண்ணீர் ஊற்றினாள். ஒன்றும் துளிர்க்கவில்லை. சாப்பாடு வைத்தால் தின்றான், எடுத்தால் விட்டான். பேச்சு மறுபடி நவம்பருக்கே போய்விட்டது. வீட்டைச் சுற்றிப் புல் வளர்ந்தது. டிராக்டர் டெக்கோடு கொட்டகையில் நின்றது. திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று ஒருநாளும் அவன் சொல்லவில்லை. லைனஸும் கேட்டு வரவில்லை.

பன்னிரண்டாம் நாள் காலையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் துணியை அப்படியே போட்டாள். கொட்டகைக்குப் போனாள். சங்கிலியைக் கழற்றினாள். டெக்கை இழுத்து வெளியே போட்டாள். கண்ணுக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டு கிரைண்டரைக் கிளப்பினாள். இரும்பில் பட்டதும் அது ஊரைக் கூட்டுகிற மாதிரி அலறியது. பொறி அவள் ஏப்ரன் மேலெல்லாம் தெறித்தது. முதல் காது பாதி அறுந்திருக்கும்போது வீட்டுக் கதவு படாரென்று சாத்துகிற சத்தம் கேட்டது.

"இரவல்!" என்று கத்திக்கொண்டே வந்தான் க்ளீட்டஸ். செருப்புகூட இல்லை, காலுறையோடு. "ஆல்வீரா! இரவல்டி அது!"

அவள் நிறுத்தவில்லை. காது விழுந்தது. அடுத்த காதுக்குத் திருப்பினாள்.

"வாக்கு குடுத்தேன்!"

"அவனும்தான் ஒரு வாக்குக் குடுத்தான். சேரும்னான்." இரண்டாவதையும் அறுத்துத் தள்ளிவிட்டுத்தான் கிரைண்டரை நிறுத்தினாள். "போய்ச் சொல்லிக்க, நான்தான் அறுத்தேன்னு."

க்ளீட்டஸ் அறுந்த காது ஒன்றைக் கையில் எடுத்தான். சூடு பட்டு மாற்றிப் பிடித்தான். டெக்கைப் பார்த்தான், வண்டியைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"ஆறங்குலம்," என்றான் கடைசியில். "ஆறே கால்."

பட்டை இரும்பில் புதுக் காது செய்தார்கள். அவள் இடுக்கியால் பிடித்துக்கொள்ள அவன் வலது கையால் வெல்டு வைத்தான். தையல் கோணல்தான், பிடிப்பு நல்ல பிடிப்பு. சாயங்காலம் தூக்குக்கம்பி அதில் போய் மாட்டியது. லீவரை இழுத்தான். டெக் அலுங்காமல் மேலே வந்தது. இறக்கினான், தரையோடு மட்டமாக உட்கார்ந்தது. அவன் முகத்தில் சந்தோஷமா துக்கமா என்று அவளுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. வெட்ட நாலு ஏக்கர் இல்லை இப்போது. வீட்டைச் சுற்றி அரை ஏக்கர் இருந்தது. அதை இருபத்தைந்து நிமிஷத்தில் முடித்தான். முடித்துவிட்டு, இறங்காமல், முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தான்.

லேபர் டேக்கு முந்தின சனிக்கிழமை லைனஸ் டிரக்கோடு வந்தான். க்ளீட்டஸ் பின்பக்கம் வெட்டிக்கொண்டிருந்தான். சத்தத்தில் தம்பி வந்தது தெரியவில்லை, அல்லது தெரிந்தும் திரும்பவில்லை.

"எஞ்சின் மாட்டியாச்சு," என்றான் லைனஸ். "டெக்க எடுத்துட்டுப் போலாம்னு..."

ஆல்வீரா உள்ளே போய்ச் செய்தித்தாளில் சுற்றின ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். லைனஸ் பிரித்தான். சிவப்புப் பெயின்ட்டோடு இரண்டு காதுகள்.

"கம்பெனியிலேர்ந்து வந்தது வந்தபடியே இருக்கு," என்றாள். "ஊர்வலத்துல மாட்டிக்க."

அவன் முகம் வெளுத்தது. பொட்டலத்தை மடிக்கத் தெரியாமல் மடித்தான். பிறகு, ஏதாவது ஒன்றைச் சொல்லாமல் போக மனசு வராதவனாக, பின்பக்கத்தைப் பார்த்தான். துணிக்கம்பிக்குப் பக்கத்தில், மட்டமாக வெட்டின புல்லுக்கு நடுவே, ஒரு தலையணை அளவு இடத்தில் மட்டும் புல் முழங்கால் உயரத்துக்கு விதை கட்டி நின்றது. புல் மட்டும்தான், வேறொன்றும் இல்லை. க்ளீட்டஸ் அதை நெருங்கிக்கொண்டிருந்தான். வலது கை லீவரை இழுத்தது. டெக் எழும்பியது. வண்டி தாண்டியது. டெக் இறங்கியது.

"அங்க பாரு, ஒரு கொத்து அப்படியே விட்டுட்டுப் போறான்," என்றான் லைனஸ். "வெட்டி ஒட்டினா இப்படித்தான் ஆகும். டெக்கு சரியா உக்காரல."

"சரியாத்தான் உக்காந்திருக்கு," என்றாள் ஆல்வீரா. "இப்பத்தான் தூக்குது."